சாக்கடைக்கு ஒரு கலங்கல்

கூவத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் போதும், யாராவது ஒருவர் தேம்ஸ் நதியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். காலை நடை முடித்துப் பூங்கா பெஞ்சில் உட்காரும் எங்கள் கூட்டத்திலும் சென்ற மாதம் அதுதான் நடந்தது. "லண்டன்காரன் நூத்தைம்பது வருஷத்துக்கு முன்னாடியே சாக்கடை கட்டி, நதியைச் சுத்தம் பண்ணி முடிச்சுட்டான் சார். நமக்குத்தான் துப்பில்லை" என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். எனக்கும் ஏறக்குறைய அந்த எண்ணம்தான். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. அந்த வேலையின் முக்கியமான பகுதி ஒன்று முடிந்தது 2025 பிப்ரவரியில். அதாவது நேற்று.

நண்பர் சொன்னது பாதி சரி. லண்டன் 1860-களில் ஒரு மகத்தான பாதாளச் சாக்கடையைக் கட்டியது. ஆனால் அதைக் கட்டும்போதே அதற்குச் சில கலங்கல்களும் வைத்தார்கள்.

ஏரி பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கலங்கல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஏரி நிரம்பினால் கரை உடையக் கூடாது. அதற்காக ஓரிடத்தில் கரையைத் தாழ்த்திக் கல்லால் கட்டியிருப்பார்கள். உபரி நீர் தானாக அதன்மேல் வழிந்து போய்விடும். லண்டன் சாக்கடைக்கும் அதே ஏற்பாடுதான். வழிந்தது ஏரித் தண்ணீர் இல்லை, போய்ச் சேர்ந்த இடம் தேம்ஸ் நதி. அந்தக் கலங்கல்களின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

குழியிலிருந்து நதிக்கு

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம். ஐம்பது ஆண்டுகளில் அது இரண்டு மடங்குக்கும் மேலானது. வீட்டுக் கழிவெல்லாம் வீட்டுக்கு அடியிலோ கொல்லையிலோ இருந்த கழிவுக்குழியில் சேரும். நகரில் அப்படிப்பட்ட குழிகள் சுமார் 2 லட்சம் இருந்தனவாம். அவற்றை இரவில் வந்து அள்ளிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே விவசாயிகளுக்கு உரமாக விற்கும் தொழிலாளர்கள் இருந்தார்கள்.

அப்போதும் லண்டனில் சாக்கடைகள் இருந்தன. ஆனால் அவை மழைநீருக்கானவை. ஃபிளீட், டைபர்ன், எஃப்ரா என்று தேம்ஸில் கலந்த சிற்றாறுகளை மெல்ல மெல்ல மூடிக் கட்டிய வடிகால்கள் அவை. வீட்டுக் கழிவை அதில் விடக் கூடாது என்று சட்டமே இருந்தது. 1815-இல் அந்தத் தடை போயிற்று.

பிறகு மூன்று காரியங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. ஊர் விரிய விரிய வயல்கள் தூரமாகப் போயின, கழிவு அள்ளும் கூலி ஏறியது. 1840-களில் தென் அமெரிக்காவிலிருந்து பறவை எச்ச உரம் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது, மனிதக் கழிவுக்கு இருந்த விலை விழுந்தது. மூன்றாவது, தண்ணீர் ஊற்றிக் கழுவும் நவீனக் கழிப்பறை. 1851-இல் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் ஒரு பென்னி கொடுத்து அத்தகைய கழிப்பறையைப் பயன்படுத்தியவர்கள் மட்டும் 8 லட்சத்துக்கும் மேல். பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் தங்கள் வீட்டிலும் வேண்டும் என்றார்கள்.

கழிப்பறை வந்ததும் குழிகள் தாங்கவில்லை. ஒவ்வொரு முறையும் வாளி வாளியாகத் தண்ணீர் இறங்கினால் குழி எத்தனை நாள் தாங்கும்? 1848-க்குப் பிறகு, குழிகளை மூடிவிட்டு வீட்டுக் குழாயைத் தெருச் சாக்கடையில் இணைக்க வேண்டும் என்று அதிகாரிகளே உத்தரவு போட்டார்கள். வீடுகள் சுத்தமாயின. மழைநீருக்காகக் கட்டிய வடிகால்கள் அத்தனையும் கழிவை நேராகத் தேம்ஸில் கொட்டின.

தேம்ஸ் லண்டனில் ஓதம் ஏறி இறங்கும் நதி. கடல் ஏறும்போது நீர் மேலே வரும், இறங்கும்போது கீழே போகும். கொட்டிய கழிவு கடலுக்குப் போய்விடும் என்று நினைத்தால், அது ஆறு மணி நேரத்தில் திரும்பி வந்து நின்றது. அந்த நதியிலிருந்துதான் குடிநீர் நிறுவனங்கள் சில, வீடுகளுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தன.

தப்பான காரணம், சரியான வேலை

வங்காளத்திலிருந்து கிளம்பிய காலரா 1831-இல் இங்கிலாந்துக்குள் நுழைந்தது. 1848-49-இல் லண்டனில் 14,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1853-54-இல் மறுபடியும் 10,000-க்கும் மேல். அந்தக் காலத்து அறிஞர்களில் பெரும்பாலோர் நோய் காற்றில் வரும் நாற்றத்தால் பரவுகிறது என்று நம்பினார்கள். நாற்றத்தை வீட்டைவிட்டு விரட்டுவதற்காகத்தான் கழிவை நதிக்கு அனுப்பினார்கள்.

ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் மட்டும், காலரா குடிநீரில் வருகிறது என்றார். 1854-இல் பிராட் தெருவைச் சுற்றி 600-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது வீடு வீடாகப் போய் விசாரித்து, அந்தத் தெருவின் கைப்பம்பைத்தான் காரணம் என்று காட்டினார். பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். ஆனாலும் அவர் சொன்னதை மேலிடம் முழுதாக ஏற்கவில்லை. 1858 ஜூன் 16 அன்று, 45 வயதில் அவர் இறந்துபோனார்.

அதே ஜூன் மாதத்தில்தான் தேம்ஸ் பொறுமை இழந்தது.

எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. மின்சாரத்தில் பெயர் பெற்ற விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1855-இல் நீராவிப் படகில் போகும்போது, வெள்ளை அட்டையைத் துண்டு துண்டாகக் கிழித்து, நனைத்து, ஒவ்வொரு படித்துறையிலும் நதியில் போட்டுப் பார்த்தார். ஓர் அங்குலம் மூழ்குவதற்குள் அட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. இதை 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதமாக எழுதினார். படித்தவர்கள் வருத்தப்பட்டார்கள். மூன்று ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை.

1858-இல் கோடை கடுமையாக இருந்தது. நதியில் நீர் குறைந்து, இருகரையிலும் படிந்த கழிவு வெயிலில் புழுங்கியது. 'பெரு நாற்றம்' என்றே சரித்திரத்தில் அந்தக் கோடைக்குப் பெயர். பாராளுமன்றக் கட்டடம் நதிக்கரையில் இருக்கிறது. ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. மூக்கில் கைக்குட்டையோடு வெளியே ஓடியவர்களில் நிதி அமைச்சர் டிஸ்ரேலியும் ஒருவர். அவரே சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தார். 18 நாட்களில் சட்டம் நிறைவேறியது. ஆண்டுக்கணக்கில் கமிட்டி மேல் கமிட்டி போட்டு இழுத்த விஷயம், 30 லட்சம் பவுண்டு கடன் அனுமதியோடு ஆகஸ்ட் 2-ஆம் தேதி முடிந்தது.

கிழக்கு லண்டன் ஏழைகள் காலராவில் ஆயிரக்கணக்கில் இறந்தபோது நகராத கோப்பு, நாற்றம் சபைக்குள் ஏறியதும் நகர்ந்தது. இந்தப் புள்ளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பேஸல்ஜெட்டின் கணக்கு

வேலை தலைமைப் பொறியாளர் ஜோசப் பேஸல்ஜெட்டிடம் வந்தது. ரயில்வே வேலையில் உடம்பும் மனசும் கெட்டுப்போய்த் தேறி எழுந்து வந்தவர். ஒல்லியான, குள்ளமான மனிதர், பெரிய மீசை. (இவருடைய கொள்ளுப்பேரனின் மகன் பீட்டர் பேஸல்ஜெட் தொலைக்காட்சித் தயாரிப்பாளர். நம் ஊரில் 'பிக் பாஸ்' என்று வரும் நிகழ்ச்சிக்கு மூலமான 'பிக் பிரதர்' பிரிட்டனில் வந்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.)

பேஸல்ஜெட்டின் யோசனை கேட்பதற்கு எளிமையானது. பழைய சாக்கடைகள் எல்லாம் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் சரிந்து வந்து நதியில் விழுகின்றன. அவை நதியை எட்டுவதற்கு முன்பே குறுக்கே, மேற்கிலிருந்து கிழக்காக, பெரிய சாக்கடைகளைக் கட்டிப் பிடித்துவிட வேண்டும். வடகரையில் உயரத்துக்கு ஒன்றாக மூன்று, தென்கரையில் இரண்டு. இவை கழிவை ஊருக்குக் கிழக்கே பல மைல் தள்ளிக் கொண்டுபோய், வடகரையில் பெக்டன், தென்கரையில் கிராஸ்னெஸ் என்ற இடங்களில், கடல் இறங்கும் நேரம் பார்த்து நதியில் விடும்.

மைலுக்கு இரண்டு அடிதான் சரிவு. அந்தச் சரிவிலேயே கழிவு தானாக ஓட வேண்டும். பள்ளமான இடங்களில் நீராவி எந்திரங்களால் ஏற்றிவிட உந்து நிலையங்கள். மொத்தம் 82 மைல் பிரதான சாக்கடை, 1,100 மைல் தெருச் சாக்கடை, 31.8 கோடி செங்கல். சுண்ணாம்புக் காரைக்குப் பதில் அப்போது புதிதான போர்ட்லேண்ட் சிமெண்டை நம்பினார். மூட்டைக்கு மூட்டை சோதித்துப் பார்த்துத்தான் வேலைக்குச் சேர்த்தார்களாம். அந்தச் சாக்கடைகள் இன்றும் வேலை செய்கின்றன.

இனி நம் கலங்கலுக்கு வருவோம்.

நம் சென்னையில் கழிவுநீருக்கு ஒரு குழாய், மழைநீருக்கு ஒரு வடிகால் என்பது ஏற்பாடு. நடைமுறை எப்படி என்பது வேறு கதை. லண்டனில் இரண்டும் ஒரே சாக்கடைக்குள் போயின. மழையை நதிக்கு அனுப்பு, கழிவை நிலத்துக்கு உரமாக அனுப்பு என்று இரண்டையும் பிரிக்கச் சொன்னவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். ஆனால் ஏற்கெனவே ஊர் முழுக்க ஒற்றைச் சாக்கடைதான். பிரிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தெருவையும் ஒவ்வொரு வீட்டையும் மறுபடி தோண்ட வேண்டும். அந்தச் செலவுக்கும் தொந்தரவுக்கும் யாரும் தயாராக இல்லை.

ஒற்றைச் சாக்கடையில் ஒரு சங்கடம். வீட்டுக் கழிவின் அளவு ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். மழை அப்படியா? அரை மணி நேரம் கொட்டினால் கழிவைப் போலப் பல மடங்கு தண்ணீர் ஒரேயடியாக வந்து இறங்கும். அத்தனைக்கும் இடம் வைத்துக் கட்டினால், வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அந்த இடம் சும்மா கிடக்கும். ஆகவே பேஸல்ஜெட் நாளொன்றுக்குக் கால் அங்குல மழைக்குக் கணக்குப் போட்டார். அதற்கு மேல் வந்தால்? போக்கிடம் இல்லாத தண்ணீர் பின்னோக்கி ஏறி வீட்டுக் கழிப்பறை வழியே வெளியே வரும். அதைத் தடுக்க, புதிய சாக்கடை பழைய சாக்கடையை வெட்டும் இடங்களில் குறுக்கே ஒரு தடுப்புச் சுவர் வைத்தார். சாதாரண நாளில் கழிவு சுவரைத் தாண்டாது, திரும்பிக் கிழக்கே ஓடும். பெருமழை நாளில் மட்டம் ஏறி, சுவரைத் தாண்டி, பழைய வழியிலேயே நதியில் போய் விழும். நதி நீர் உள்ளே வராமலிருக்க வாயிலில் ஒரு தொங்கு கதவு. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும்.

இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. திட்டம் போட்டு வைத்த வழி அது. வருடத்தில் சில நாட்கள், அதுவும் பெருமழையில் நன்றாகக் கரைந்த கழிவு, வெள்ளம் ஓடும் நதியில் விழுகிறது. அன்றைய நிலைமையில் நானாக இருந்தாலும் அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

தூரத் தள்ளிய கழிவு

1865 ஏப்ரலில் கிராஸ்னெஸ் உந்து நிலையத்தை இளவரசர் எட்வர்ட் திறந்துவைத்தார். நதியின் ஓரத்தை மேடாக்கி, அதற்கு அடியில் சாக்கடையும் ரயில் பாதையும் வைத்து, மேலே சாலையும் பூங்காவுமாக விக்டோரியா கரைச்சாலை 1870-இல் திறந்தது. லண்டன் போனவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் அந்த அழகான நடைபாதைக்கு அடியில் ஓடுவது பேஸல்ஜெட்டின் சாக்கடைதான்.

1866-இல் காலரா கடைசி முறையாக வந்தது. பெரும்பாலும் கிழக்கு லண்டனில், 5,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புதிய சாக்கடை முழுதாக இயங்காமல் மிச்சமிருந்த பகுதி அது. அதற்குப் பிறகு லண்டனில் காலரா கொள்ளைநோயாக வரவே இல்லை. ஜான் ஸ்நோ சொன்னது சரி என்பதை இதுவே காட்டியது. நாற்றத்தை விரட்டக் கட்டிய சாக்கடை, குடிநீரிலிருந்து கழிவைப் பிரித்து உயிர்களைக் காப்பாற்றிவிட்டது.

ஆனால் கழிவு எங்கே போயிற்று? சுத்திகரிக்கப்படாமல் அப்படியே கிழக்கே நதியில் கொட்டியது. பாராளுமன்றத்துக்கு நாறவில்லை, அவ்வளவுதான். 1878 செப்டம்பர் 3 மாலை, 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற உல்லாசப் படகு ஒரு நிலக்கரிக் கப்பலில் மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. குடும்பம் குடும்பமாக ஒருநாள் சுற்றுலா போய்த் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். இறந்தவர்கள் 600-க்கும் மேல். மோதிய இடம் அந்தக் கழிவு வாயில்களின் பக்கம். சற்று முன்புதான் அன்றைய கழிவைத் திறந்துவிட்டிருந்தார்கள். நீச்சல் தெரிந்தவர்களும் அந்தத் தண்ணீரில் தப்பவில்லை என்று பேச்சு எழுந்தது.

அதற்குப் பிறகு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. கழிவின் கெட்டியான பகுதியை வண்டலாகப் பிரித்து, 1887 முதல் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். முதல் கப்பலுக்குப் பேஸல்ஜெட்டின் பெயரையே வைத்தார்கள். இந்தக் கடல் கொட்டல் நின்றது 1998-இல். நூற்றுப் பதினோரு வருடம்! வீட்டிலிருந்து குழிக்கு, குழியிலிருந்து நதிக்கு, நடு ஊரிலிருந்து ஊர்க் கோடிக்கு, ஊர்க் கோடியிலிருந்து கடலுக்கு. ஒவ்வொரு முறையும் கழிவு ஒரு படி தள்ளிப் போயிற்று. ஒவ்வொரு முறையும் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

1957-இல் லண்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள், தேம்ஸில் உயிர் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். 1960-களிலும் 70-களிலும் இரண்டு சுத்திகரிப்பு நிலையங்களையும் பெரிதாக்கிச் சீர்செய்தார்கள். பலன் தெரிந்தது. 1974-இல் அனல்மின் நிலையம் ஒன்றின் நீர் வடிகட்டியில் ஒரு சால்மன் மீன் சிக்கியது. தலைமுறை தலைமுறையாகக் காணாமல் போயிருந்த மீன். நதி பிழைத்துவிட்டது என்று செய்தி உலகெங்கும் போயிற்று. நம் பெஞ்சு நண்பர் மனதில் இருக்கும் தேம்ஸ், அந்தச் செய்தியில் வந்த தேம்ஸ்தான்.

தூறினாலும் வழிந்தது

கலங்கல்களை யாரும் தொடவில்லை. லண்டன் மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. பேஸல்ஜெட் கட்டியது சுமார் 40 லட்சம் பேருக்கு. இப்போது சுமார் 90 லட்சம் பேர். ஆளுக்கு ஆகும் தண்ணீரும் கூடிவிட்டது. அதைவிட முக்கியம், மண் மூடியது. முன்பு தோட்டத்தில் விழுந்த மழை மண்ணுக்குள் இறங்கும். தோட்டத்தைச் சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்தினால் அந்த மழையும் சாக்கடைக்குத்தான் வரும். நம் தெருவிலும் இதைத்தானே பார்க்கிறோம்?

சாதாரண நாளிலேயே சாக்கடை கிட்டத்தட்ட நிரம்பி ஓடியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், 2 மில்லிமீட்டர் மழைக்கே சில கலங்கல்கள் வழிந்தன. அது நமக்கு மழையே இல்லை, தூறல். நதியில் இருந்த 57 கலங்கல்களில் மோசமானவை வருடத்தில் 50, 60 முறை வழிந்தன. சராசரி வருடத்தில் போய் விழுந்த அளவு 3.9 கோடி டன் என்று கணக்கிட்டார்கள். பெருமழைக்கென்று வைத்த வழி, வாரம் தவறாத வழக்கமாகிவிட்டது.

கழிவு நதியில் விழுந்தால் என்ன ஆகிறது? அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகும். அவை நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சும். கோடையில் நதியில் நீர் குறைவு, வெதுவெதுப்பும் கூடுதல், அதனால் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. அந்த நேரத்தில் ஒரு புயல் மழை வந்தால் மீன்கள் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும். 2004 ஆகஸ்டில் அப்படி ஒரு மழையில் 6 லட்சம் டன்னுக்கும் மேல் நதியில் வழிந்து, ஆயிரம் ஆயிரமாக மீன்கள் மடிந்தன. மழை பெய்த மறுநாள் நதியில் ஆக்சிஜன் செலுத்துவதற்கென்றே தனிப் படகுகள் வைத்திருந்தார்கள். நோயாளிக்கு ஆக்சிஜன் வைக்கிற மாதிரிதான். ஓதம் ஏறி இறங்கும் நதியாதலால் விழுந்த கழிவு உடனே கடலுக்கும் போகாது. வாரக்கணக்கில் மேலும் கீழுமாக அலைந்துகொண்டிருக்கும்.

இருந்தும் இது பலருக்குத் தெரியவே தெரியாது. நாற்றம் சபைக்கு ஏறவில்லை அல்லவா?

சாக்கடைக்கும் கீழே

என்ன செய்யலாம் என்று 2000-த்தில் ஒரு ஆய்வு தொடங்கியது. வழிகள் மூன்று.

ஒன்று, மழையையும் கழிவையும் தனித்தனிக் குழாயாகப் பிரிப்பது. 1858-இல் கஷ்டம் என்று விட்டது, இப்போது நூறு மடங்கு கஷ்டம். தெருவுக்கு அடியில் மின்சாரம், எரிவாயு, தொலைபேசி, ரயில் எல்லாம் பின்னிக் கிடக்கின்றன.

இரண்டு, மழையை விழுந்த இடத்திலேயே பிடித்துவைப்பது. மண்ணைத் திறந்துவிடுவது, கூரை நீரைச் சேமிப்பது, தெருவோரம் நீர் இறங்கும் தோட்டம் வைப்பது. மழைநீர் சேகரிப்பு என்று நமக்குப் பழகிய விஷயம்தான். நல்ல வழி. ஆனால் லண்டன் முழுக்கச் செய்து முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும், அதற்குப் பிறகும் இது மட்டும் போதாது என்றார்கள்.

மூன்று, வழிவதை வழியவிட்டு, நதியில் விழும் முன் பிடிப்பது. அதாவது கலங்கல் நீரைப் பிடிக்கப் பூமிக்கு அடியில் இன்னொரு ஏரி.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். சண்டை இல்லாமல் இல்லை. தண்ணீர்க் கட்டணத்தில் வருடத்துக்குச் சுமார் 20 முதல் 25 பவுண்டு கூடும் என்றதும் கூச்சல் எழுந்தது. குடிநீர் நிறுவனங்கள் தனியார் கையில் இருக்கும் நாட்டில், லாபம் அவர்களுக்கு, செலவு நமக்கா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. முதல் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்த பேராசிரியரே பிறகு மனம் மாறி, இதைவிடக் குறைந்த செலவில் முடிக்கலாம் என்று வாதிட்டார். இதற்கிடையில் 2012-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அசாதாரண மழைக்கென்று கொடுத்த விலக்கு, சாதாரண மழைக்குச் செல்லாது என்பதுதான் அதன் சாரம். 2014-இல் அனுமதி கிடைத்து, 2016-இல் வேலை தொடங்கியது.

சுரங்கம் மேற்கே ஆக்டனில் தொடங்கி, பெரும்பாலும் நதிக்கு அடியிலேயே வளைந்து வளைந்து, கிழக்கே ஆபி மில்ஸ் வரை 25 கிலோமீட்டர் போகிறது. விட்டம் 7.2 மீட்டர். ஏறக்குறைய மூன்று பேருந்துகளைப் பக்கத்தில் பக்கமாக நிறுத்தினால் வரும் அகலம். மேற்கில் முப்பது மீட்டருக்குச் சற்று மேல் ஆழத்தில் தொடங்கி, கிழக்கே அறுபது மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. அங்கிருந்து, முன்பே 2016-இல் திறந்த 6.9 கிலோமீட்டர் லீ சுரங்கம் வழியாகப் பெக்டன் சுத்திகரிப்பு நிலையம். இரண்டும் சேர்ந்து 16 லட்சம் கன மீட்டர் பிடிக்கும். ஓட்டம் முழுக்கச் சரிவிலேயே. பேஸல்ஜெட்டின் அதே தத்துவம்தான்.

எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. கலங்கலில் வழியும் நீரை அவ்வளவு ஆழத்துக்கு நேராகக் கொட்டினால் அருவி மாதிரி விழுந்து அடித்தளத்தையே உடைத்துவிடும். ஆகவே கிணறு போன்ற குழாயின் ஓரமாக நுழைத்து, சுழன்று சுழன்று சுவரை ஒட்டியே இறங்கும்படி செய்திருக்கிறார்கள். வாஷ்பேசினில் தண்ணீர் சுழன்று இறங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். நடுவில் காற்று மேலே ஏற வழி கிடைக்கிறது, விழும் வேகமும் அடங்குகிறது. மழை நின்ற பிறகு சுரங்கத்தில் நிற்கும் கழிவைப் பெக்டனில் மேலே ஏற்றிச் சுத்தம் செய்கிறார்கள். மோசமான 34 கலங்கல்களை இந்தத் திட்டம் கட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறது.

செலவு 450 கோடி பவுண்டுக்கு மேல். 2024 இலையுதிர் காலத்தில் முதல் இணைப்புகள் திறந்தன. 2025 பிப்ரவரியில் எல்லாம் இணைந்தன. நதியில் வழியும் அளவு ஏறக்குறைய 95 சதவீதம் குறையும் என்பது கணக்கு. கட்டிய நிறுவனத்தின் சட்டப்படியான பெயர் 'பேஸல்ஜெட் டனல் லிமிடெட்'. அவருடைய கலங்கலை மூடும் வேலைக்கு அவர் பெயரே. மனிதர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். தன் சாக்கடை நூற்றைம்பது வருடம் தாங்கியது என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

மறுபடி பெஞ்சுக்கு

100 சதவீதம் ஏன் இல்லை என்று கேட்கலாம். மிகப்பெரிய மழையில் இந்தச் சுரங்கமும் நிரம்பும், வருடத்தில் சில முறை வழியத்தான் செய்யும். கலங்கல் இல்லாத ஏரி கிடையாது. எத்தனை முறை வழியலாம் என்பதில்தான் மனிதன் முடிவெடுக்க முடியும். அந்த முடிவை 1858-இல் ஒருமுறை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்காமல் இருந்ததுதான் லண்டனின் தப்பு. ஊர் வளர்ந்தது, மண் மூடியது, கணக்கை மட்டும் யாரும் திருத்தவில்லை.

இதையெல்லாம் பெஞ்சில் சொல்லி முடித்தபோது நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நதியில இறங்கி யாரும் ஒண்ணும் பண்ணலையா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. தூர் வாரியதும் ஆக்சிஜன் விட்டதும் உண்டு. ஆனால் நதி பிழைத்தது அதனால் இல்லை. நதியில் வந்து விழும் ஒவ்வொரு வாயாகக் கண்டுபிடித்து, எண்ணி, அதன் பின்னால் தெருவுக்குள் போய் வேலை செய்ததால்தான் பிழைத்தது.

அவரிடம் நான் ஒன்று மட்டும் சொன்னேன். லண்டன் கலங்கல் வழிய மழை வேண்டும், தூறலாவது வேண்டும். நம் ஊரில் சித்திரை வெயிலில், ஒரு சொட்டு மழை இல்லாத நாளில், கூவக்கரையில் மழைநீர் வடிகால் வந்து விழும் இடத்தில் போய் நின்று பாருங்கள். அங்கே தண்ணீர் ஓடினால், அது எந்த மழைத் தண்ணீர் என்று கேளுங்கள்.

மறுநாள் காலை அவர் நடக்க வரவில்லை. அதற்கு மறுநாள் வந்து, "போய்ப் பார்த்தேன் சார். ஓடுது" என்றார்.